அண்ணன் பேரு அடிபட்டுச்சு

வாங்கன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே உள்ள வந்து உக்காந்துட்டேன், தப்பா நெனைக்காதீக மதினி. பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்தே வந்தேன். தண்ணி மட்டும் குடுங்க, போதும். காப்பியா? சரி, போடுறதுன்னா சீனியக் கொறச்சுப் போடுங்க, எனக்கு சுகர் வந்துருக்கு. சென்னையில உக்காந்து டிவி வேல பாக்குறவனுக்கு வேற என்ன வரும்.

நீங்க கையில இருக்குற சோலியப் பாருங்க. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறீகளா? தைங்க, தைங்க. நீங்க தைச்சுக்கிட்டே கேட்டாத்தான் எனக்கும் சொல்ல வரும்.

வேற ஒண்ணுமில்ல மதினி. நேத்து குருவம்மா மக கல்யாணத்துல அண்ணன் பேரு அடிபட்டுச்சு. மிக்கேல்ராஜ் அண்ணன் பேருதான். வேற எந்த அண்ணன் எனக்கு. யாராவது வந்து ஒங்ககிட்டக் கோணல்மாணலா சொல்றதுக்கு முன்னாடி, நடந்தத நடந்தபடி நானே சொல்லிருவோம்னு ஓடியாந்தேன். இந்தத் தெருப் பூக்காரி சந்தனமேரி அங்க மாலை கொண்டாந்திருந்தா. எல்லாத்தையும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னா. அவ இன்னும் வரலையே? நல்லதாப் போச்சு. முந்திச் சொல்றவன் சொல்றதத்தான் சனம் நம்பும். இம்புட்டு வருசமா இந்தப் பொழப்புல நான் பாத்தது அதுதான்.

குருவம்மாவ ஒங்களுக்குத் தெரியும்ல? நேர்ல பாத்திருக்க மாட்டீக, டிவில பாத்திருப்பீக. எந்தப் பட்டாசு ஆலை வெடிச்சாலும் தலைய விரிச்சுப் போட்டு ஒருத்தி மண்ணுல உக்காந்து அழுவாளே, அவதான். வெடிச்சது எங்கயோ இருக்கும், இவ அழுகையப் போடுவாக. ஃபைல் ஷாட்டுன்னு ஓரத்துல பொடி எழுத்துல இருக்கும், அத யாரு படிக்கிறா. அண்ணன் எடுத்த ஷாட்டு அது. நம்ம சேனல்ல அதுக்கு மேல ஒரு ஷாட்டு இன்னைக்கு வரைக்கும் வரலைன்னு எங்க ஆபீஸ்லயே சொல்லுவாக.

நான் யாருன்னு ஒங்களுக்குச் சொல்லணுமா. லோக்கல் கேபிள்ல காணாமப் போன ஆட்டுக்கெடா, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலின்னு வாசிச்சுக்கிட்டுக் கெடந்தவன். அண்ணன் கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. சென்னைச் சேனல்காரன் இந்த மாவட்டத்துக்கு ஆளு தேடுனப்ப, என் மூஞ்சியையும் அவரு கேமராவையும் சேத்துத்தான் எடுத்தான். அவரு ஸ்கூட்டருதான் நமக்கு லைவ் போடுற ஓபி வேனு. நான் பின்னாடி மைக்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். செய்தி எடுத்துட்டு நேரா இங்கதான் வருவோம். இதே எடத்துல உக்காந்து நீங்க ஊத்துன மீன் கொழம்ப எத்தன தடவ தின்னுருக்கேன். ஒரு நாளாவது மூஞ்சியச் சுளிச்சிருப்பீகளா நீங்க? மாட்டீக. அதனாலதான் ஒங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணுச்சு.

அந்தச் சித்திரை மாசம், சின்னக்கரிசல்பட்டிக்கு அங்கிட்டு வெடிச்சுச்சே, அன்னைக்கு. கம்பெனி பேரு எதுக்கு, இப்ப வேற பேருல நடக்கு. நாங்க போறப்ப புகை அடங்கல. போலீசு கயித்தக் கட்டி வச்சுட்டான். கயித்துக்கு இங்கிட்டு பொம்பளைக கூட்டம். சில பேரு மாரடிச்சு அழுகுறாக, ஆனா மத்த சேனல்காரன் பூராவும் அவுகளச் சுத்தி நிக்கான். எனக்கு எடமே இல்ல. சென்னை நியூஸ் டெஸ்க்குல இருந்து போன் மேல போன். "என்ன சார், வெறும் புகையாவே அனுப்புறீங்க? ஆள் எங்க? மத்த சேனல்ல அழுகை ஓடிட்டிருக்கு"ன்றான். நம்ம வேலைக்கு வந்து வருசம்கூட ஆகல மதினி. எடுத்தா எடுத்ததுதான், விட்டா வீட்டுக்குப் போன்னுருவான்.

அப்பத்தான் குருவம்மாவப் பாத்தேன். தனியா நின்னுக்கிட்டு இருந்தா. நூறு நாள் வேலையில கம்மா வெட்டிக்கிட்டு இருந்தவ அப்பிடியே ஓடியாந்திருக்கா. மம்பட்டிய கையிலருந்து எறக்கல. அழுகல. புகையப் பாத்தபடி நிக்கா. பக்கத்துல அவ அண்ணன் காளிராஜு. பட்டாசு ஆலை வாசல்ல பீடியப் பத்தவைக்கப் போயி, யாரோ வஞ்சதும் காதுல சொருகிக்கிட்டு நிக்கான். மத்த சேனல்காரன் யாரும் அவ கிட்டப் போகல. அழுகாதவகிட்ட எவன் போவான். நான் போனேன். "உங்க வீட்டுக்காரர் எந்த ரூமும்மா?"ன்னு கேட்டேன். மருந்து கலக்குற, திரி வைக்கிற கொட்டகையெல்லாம் ரூம்னுதான் சொல்லுவாக. "மூணு"ன்னா. மைக்க நீட்டுனேன். "மூணாம் ரூம்ல யாரும் தப்பலைன்னு சொல்றாங்களேம்மா"ன்னேன்.

அம்புட்டுத்தான் மதினி. சாமி சத்தியமா அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லல. சொல்றாங்கன்னுதான சொன்னேன்? செத்துட்டாருன்னா சொன்னேன்? செய்தின்னா அப்பிடித்தான் சொல்லணும். இறந்ததாகக் கூறப்படுகிறது, சேதம் ஏற்பட்டதாகத் தெரிகிறது. அதுல தப்பே வராது. மைக் கையில இருந்தா எனக்கு "சொல்றாக"ன்னுகூட வராது, "சொல்றாங்க"ன்னுதான் வரும், பாருங்க. அங்க நின்ன கான்ஸ்டபிள் ஒருத்தரு சொன்னதத்தான் நான் கேட்டேன். தொழில்தானே.

மம்பட்டி கீழ விழுந்துச்சு. அவளும் அப்பிடியே உக்காந்துட்டா. மண்ண அள்ளித் தலையில போட்டா, முடி அவுந்துருச்சு. "என்னையத் தனியா விட்டுப் போயிட்டீகளே"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, அங்கிட்டு நின்ன கேமரா பூரா இங்கிட்டுத் திரும்பிருச்சு. ஆனா அதுக்குள்ள நாம எடுத்தாச்சு. கழுத்துல கெடந்த மஞ்சக் கயித்த ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தா. அறுந்துருச்சு. அதையும் அண்ணன் எடுத்துட்டாரு. வேற எவன்கிட்டயும் அது இல்ல.

மறுநா டில்லிச் சேனல்ல எல்லாம் நம்ம லோகோவோட அதுதான் ஓடுச்சு. எம்டியே கூப்புட்டு, "யாருய்யா நீ, இத்தனை நாள் எங்க இருந்த"ன்னாரு. அந்த ஒரு ஷாட்டுலதான் நான் மாவட்டச் செய்தியாளர் ஆனேன், அப்பறம் சென்னைக்குப் போனேன். பொய் சொல்லல, அதுலதான் ஆனேன்.

அன்னைக்குச் சாயங்காலம் என்ன ஆச்சுன்னா, பால்சாமி வந்துட்டான். குருவம்மா புருசன். சாத்தூருக்குப் பல்லுப் புடுங்கப் போயிருக்கான் அந்த ஆளு! போர்மேன்கிட்ட முந்துன நாளே சொல்லிட்டு, பொண்டாட்டிகிட்டச் சொல்லாம விடியக்கால பஸ்சுக்கே போயிட்டானாம். பட்டாசு ஆலைக்குள்ள போனும் கொண்டு போக விடமாட்டாக, அந்தப் பழக்கத்துல வீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்கான். கன்னம் வீங்கி, வாய் நெறைய பஞ்சோட வந்து எறங்குறான். வீட்டு வாசல்ல பந்தக்காலு ஊனிக்கிட்டு இருக்காக. என்னன்னு கேக்கப் பஞ்சு விடல. இவ கழுத்துல ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கா, நிமிந்து பாத்தா, அப்பிடியே சாஞ்சுட்டா. இப்பச் சொன்னாச் சிரிப்பா வருது. வரலையா ஒங்களுக்கு? சரி.

இதுல ஒரு விசயம். மூணாம் ரூமுக்கு ஒண்ணுமே ஆகலயாம். ஓரமா செவரு சரிஞ்சதோட சரி, உள்ள இருந்தவுக முன்னாடியே ஓடிட்டாக. செத்ததெல்லாம் ஒண்ணாம் ரூம்காரவுக, பாவம். ஆனா தீயணைப்பு வண்டி டிரைவரு அப்பிடிச் சொன்னா நான் என்ன பண்ண முடியும்?

என்ன மதினி? கான்ஸ்டபிளா, முன்னாடி கான்ஸ்டபிள்னா சொன்னேன்? ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தாக. காக்கிச் சட்டைதானே ரெண்டும். அந்தக் கூட்டத்துல யாருன்னு கண்டேன்.

திருத்தம் போட்டோமான்னு கேட்டுறாதீக. நான் கேட்டேன் டெஸ்க்குல. "உயிரோட இருக்கவனெல்லாம் ஒரு செய்தியா சார்"னு சிரிச்சான். அவன் சொல்றதும் சரிதான்.

ஊருக்குள்ள பால்சாமிய எல்லாரும், "ஒனக்கு ஆயுசு கெட்டிப்பா, எமன் ஒம்பேர அழிச்சுட்டான்"னு கேலி பண்ணுவாக. அவனும் சிரிச்சுக்கிருவான். அவனுக்கு அது பெருசாப் படல. குருவம்மாவுக்குத்தான் படாதபாடு. மாரியம்மன் கோயில்ல வச்சு மறுபடியும் தாலி கட்டுனாக. ஆனாலும் தாலிய அறுத்தவ அறுத்தவதான்னு பேச்சு. வளைகாப்புக்குப் போனா முதல் வளையலப் போட விட மாட்டாக. வாயத் தொறந்து யாரும் சொல்ல மாட்டாக, தட்டு இவகிட்ட வர்றப்ப மட்டும் அங்கிட்டுத் திரும்பிரும். வருசா வருசம் எங்கயாவது வெடிக்கும், இவ அறுக்கறத டிவில போடுவாக, மறந்தவுகளுக்கும் நெனப்பு வந்துரும். அதத் தூக்கச் சொல்லி எங்கிட்டக் கேட்டா. பாக்குறேன்னேன். ஆபீஸ்ல கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எந்த நேரத்துல கேக்குறது, அங்க மூச்சு விட நேரமிருக்கா.

அவ மொதமொதல்ல வந்து கேட்டது அது இல்ல. அந்தச் சம்பவம் நடந்த வாரமே நம்ம ஆபீசுக்கு வந்தா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க மாடியில ஒத்த ரூம் வச்சிருந்தோம்ல, அங்க. கழுத்துல புதுக் கயிறு, மஞ்ச காயல. வந்து நின்னா. "சார், அன்னைக்குச் சொல்றாங்கன்னு சொன்னீகளே. யாரு சார் சொன்னா?"ன்னு கேட்டா.

எதுக்கும்மா கேக்கறன்னேன். தெரியணும்னா. எம்புருசன் உயிரோட இருக்கப்ப வாய் வச்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும்னா.

நான் சொன்னேன், "எங்க தொழில்ல தகவல் சொன்னவன் பேர வெளிய சொல்லக் கூடாதும்மா"ன்னு. அது உண்மைதான் மதினி, உலகம் பூராவும் அப்பிடித்தான். அவ போகல. "எங்கண்ணன் ஒங்க பக்கத்துலதான நின்னான். அவனா?"ன்னா. காளிராஜுக்கும் பால்சாமிக்கும் கெணத்துத் தண்ணி மொறையில ஏற்கனவே பேச்சுவார்த்த இல்ல. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பிடி இருந்திருக்க மாட்டேன். நான் ஒண்ணுமே சொல்லல. பேசாம இருந்தேன். பேசாம இருக்குறது பொய்யா? அவளாத் தலைய ஆட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டா.

அண்ணனா? அண்ணன் அங்கதான் இருந்தாரு, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கிட்டு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவ போனதும், "தம்பி, அந்த ஆளு வாயே தொறக்கலயேப்பா"ன்னாரு. "நான் அவர்னு சொல்லலயேண்ணே"ன்னேன். அதுக்கப்பறம் அவரு எதுவும் கேக்கல. அண்ணனுக்கு அதிகம் பேசப் பிடிக்காது, ஒங்களுக்குத் தெரியாததா.

அன்னையிலருந்து குருவம்மா கூடப்பொறந்தவன்கூடப் பேசல. எட்டொம்பது வருசம். பக்கத்துத் தெருதான் மதினி. காளிராஜு மொதல்ல, "நான் சொல்லலத்தா, எஞ்சாமி சத்தியமா நான் சொல்லல"ன்னு வாசல்ல வந்து கத்தியிருக்கான். அவ கதவச் சாத்திக்கிட்டா. பெத்த தாய் செத்ததுக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு அழுதாகளாம். அவ மக கார்த்தீஸ்வரி பெரிய மனுசியானப்ப தாய்மாமன் குச்சு கட்ட வந்தான். பச்சத் தென்னங்கீத்தோட வந்தவன வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டா. பால்சாமியோட ஒண்ணுவிட்ட தம்பியக் கட்டச் சொன்னாகளாம். இதெல்லாம் எனக்கு நேத்துத்தான் தெரியும். சென்னையில இருக்குறவனுக்கு இதெல்லாம் யாரு வந்து சொல்லுவா.

அண்ணனை ஏன் சென்னைக்குக் கூட்டிட்டுப் போகலன்னு ஒங்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கும். இருக்கும் மதினி, இல்லன்னு சொல்லாதீக. அங்க சேனல்காரன் தனக்குன்னு கேமராமேன் பட்டாளமே வச்சிருக்கான். நான் போயி எங்க அண்ணன் வேணும்னு கேட்டா, "நீயே இப்பத்தான் வந்துருக்க"ன்னுருவான். ஒரு தடவ கேக்கலாம்னு எம்டி ரூம் வரைக்கும் போனேன். அவரு போன்ல இருந்தாரு. அங்க பொழப்பு அப்பிடி. புயல்ல நிக்கணும், சட்டசபை வாசல்ல நிக்கணும். முழங்கால் தண்ணியில குத்தவச்சு உக்காந்து கழுத்தளவு வெள்ளம்னு சொன்னானே ஒருத்தன், அது நான் இல்ல, அது வேற சேனல். நான் நின்னுதான் பேசுனேன். விருதெல்லாம் குடுத்தாக. மேடையில அந்தக் குருவம்மா ஷாட்டத்தான் போட்டுக் காட்டுனாக. ஒளிப்பதிவு மிக்கேல்ராஜ்னு பேரு போடச் சொல்லியிருந்தேன். விட்டுப்போச்சு.

அண்ணன் அடக்கத்துக்கும் வர முடியல. அன்னைக்கு லைவ் இருந்துச்சு. ஆனா ஸ்க்ரோல் போட வச்சேன் மதினி. மூத்த ஒளிப்பதிவாளர் மறைவுன்னு ரெண்டு சுத்து போச்சு. பாத்தீகளா? பாக்கலயா? அன்னைக்கு நீங்க எங்க டிவி பாக்குற நெலமையில இருந்தீக, நானும் பாருங்க.

சரி, நேத்து நடந்தது. குருவம்மாவே சென்னைக்கு போன் பண்ணி, "கட்டாயம் வரணும் சார்"னு கூப்பிட்டா. என்ன இருந்தாலும் டிவிக்காரரு வந்தாருன்னா மதிப்புன்னு நான் நெனச்சேன். இத எல்லாம் கேக்கணும்னே கூப்பிட்டாளோ என்னமோ. முன்வரிசையில உக்கார வச்சாக. சுத்தி நாலு பேரு செல்பி எடுத்துக்கிட்டாக. மாப்பிள்ளை வந்தாச்சு, ஐயரு மாமன் மாலைக்குக் கூப்பிடுறாரு. அப்ப மண்டப வாசல்ல கசமுசான்னு சத்தம். திரும்பிப் பாத்தா காளிராஜு. வெள்ள வேட்டி, நரைச்ச தலை, பின்னாடி ஏழெட்டுப் பொம்பளைக சீர்த்தட்டோட. யாரும் அவனக் கூப்பிடல. அவனா வந்து நிக்கான். "மருமகளுக்கு மாலை போட்டுட்டுப் போயிருதேன், சோறு வேண்டாம்"ன்றான்.

குருவம்மா போயி வாசல மறிச்சுக்கிட்டா. பால்சாமி ஓடிப் போயி, "விடு புள்ள, அவன் சொன்னாச் சொல்லிட்டுப் போறான். நான் என்ன செத்தா போயிட்டேன், நல்லாத்தான இருக்கேன்"ன்றான். "நீங்க சும்மா இருங்க. தாலிய அறுத்தது நானு"ன்னா அவ. மணவறையில பொண்ணு தேம்பித் தேம்பி அழுகுது. மேளக்காரவுக நிறுத்திட்டாக. அப்ப அவ அங்கயிருந்து என்னையத் திரும்பிப் பாத்தா. "இந்தா உக்காந்திருக்காரே, இவருக்குத் தெரியும். சார், இங்க வாங்க. என் மக கல்யாணம் சார். இன்னைக்காவது சொல்லுங்க. இவனா சொன்னான்?"

எந்திரிச்சுப் போனேன். போகாம என்ன செய்ய. மண்டபமே பாக்குது. காளிராஜு என் மூஞ்சியவே பாக்கான். அவன் இல்லன்னு சொல்லிட்டேன். சொல்லணும்ல? பாவம் அந்த மனுசன். "அவர் இல்லம்மா"ன்னேன். அதோட விட்டிருப்பா, நான் கெளம்பியிருப்பேன். "அப்ப யாரு?"ன்னா.

இத்தன வருசம் எத்தன லைவ் பேசியிருக்கேன், ஒரு நாளும் எனக்கு வார்த்த நின்னதில்ல. நேத்தும் நிக்கல. "எங்க கேமராமேன் மிக்கேல்ராஜ்தான் என் காதுல சொன்னாரு"ன்னு வந்துருச்சு.

ஏன் அவரு பேருன்னா, நெருங்குன ஆளு பேருதான மதினி சட்டுன்னு நாக்குல வரும்? வேற ஒரு நெனப்பும் இல்ல. உயிரோட இருக்குற ஒருத்தன் பேரச் சொன்னா அவன் வீட்டுக்குக் கம்பெடுத்துப் போவாக. அண்ணன் கர்த்தர்கிட்டப் போயிட்டாரு, அவர யாரு என்ன செய்ய முடியும்? ஒரு குடும்பம் ஒண்ணு சேருது. அண்ணன் இருந்திருந்தா, "எம்பேரச் சொல்லிக்க தம்பி"ன்னு அவரே சொல்லியிருப்பாரு. சொல்ற ஆளுதான அவரு?

நீங்க அதப் பாத்திருக்கணும். குருவம்மா அப்பிடியே காளிராஜு கால்ல விழுந்துட்டா. அவன் தூக்கி நிறுத்தி, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுத அழுகையில மண்டபத்துல ஒரு கண்ணு காயல. மாமன் மாலை போட்டான், மேளம் கொட்டுச்சு. பால்சாமி என் கையப் புடிச்சு, "நல்லா இருப்பீக சார்"னான். எனக்கும் அழுகை வந்துருச்சு.

பந்தியில உக்காந்தப்பத்தான் எனக்கு எதுக்க ஒரு பெரிய பொம்பள, "அந்தக் கேமராக்காரன் வெளங்குவானா"ன்னு சொல்லுச்சு. "அவன் செத்துல்ல போயிட்டான்"னா இன்னொருத்தி. "அதான பாத்தேன். தாலியோட வெளையாடுனவன சாமி விட்டுருமா. அவன் பொண்டாட்டி தாலியத்தான் அறுத்துருச்சு"ன்னு சொல்லிட்டு அப்பளத்த நொறுக்கிப் போட்டுக்கிருச்சு. எனக்குச் சோறு எறங்கல மதினி. சாப்பிட்டேன், எல்லாரும் பாக்காகன்னு சாப்பிட்டேன். ஆனா எறங்கல. சந்தனமேரி அந்தப் பந்தியிலதான் உக்காந்திருந்தா.

அதான் வந்தேன். ஒங்க காதுல இது வேற மாதிரி விழுந்துறக் கூடாது. வெளிய யாராவது கேட்டா, "அவரு நல்ல எண்ணத்துல, டீக்கடையில பேசிக்கிட்டத எங்க தம்பிகிட்டச் சொன்னாரு"ன்னு நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருங்க. டீக்கடையிலதான் அன்னைக்கு எல்லாரும் அப்பிடிப் பேசிக்கிட்டாக.

ஏன் மதினி தைக்கிறத நிறுத்திட்டீக?

என்ன?

இல்ல, சரியாக் கேக்கல. அண்ணன் ஒங்ககிட்டச் சொன்னாரா? எப்ப? அன்னைக்கேவா?

என்ன சொன்னாரு?

ஆமா. ஆமா, கேமராவ எறக்கத்தான் செஞ்சாரு. நான் அவகிட்டப் போறப்பவே என் தோளத் தொட்டாரு. "தெரியாமச் சொல்லாத தம்பி"ன்னாரு. நான்தான், "கேமராவ ஓட்டுண்ணே, ஷாட்டு போயிரும்"னேன். இதையுமா சொன்னாரு? சாப்பிடாமப் படுத்துட்டாரா. எனக்குத் தெரியாது மதினி. அழுதாரா? அண்ணனா? எதுக்கு, அவரு என்ன செஞ்சாரு. எடுத்தது நாந்தானன்னு அழுதாரா.

அப்ப இத்தன வருசமும் ஒங்களுக்குத் தெரியும். அதுக்கப்பறமும் நான் வந்தேன், உக்காந்தேன், நீங்க கொழம்பு ஊத்துனீக. ஏன் மதினி ஒரு வார்த்த கேக்கல? அவரா கேக்க வேண்டாம்னாரு? "சின்னப் பய, அவனுக்கு ஒரு வழி பொறந்திருக்கு, கேட்டுக் கெடுத்துராத"ன்னாரா. அப்பிடியே அந்த வார்த்தையிலயா சொன்னாரு?

தண்ணி வேண்டாம். இல்ல, குடுங்க.

கேளுங்க. கேக்கத்தான் போறீகன்னு தெரியும். ஒரு வாட்டி கான்ஸ்டபிள்னேன், ஒரு வாட்டி தீயணைப்புன்னேன், இப்ப டீக்கடைன்னேன். நீங்களும் எண்ணிக்கிட்டேதான் தைச்சீகளா. எனக்கே தெரியல மதினி, அப்பிடி ஒருத்தன் சொன்ன மாதிரியே எனக்கு நெனப்பு இருக்கு. அவன் மூஞ்சி மட்டும் வர மாட்டேங்குது. ரோசனை பண்ணிப் பாக்குறேன்.

யாரும் சொல்லல மதினி.

யாரும் சொல்லல. அவ அழுகாம நின்னா. அம்புட்டுத்தான்.

வையுங்க என்னைய, நாலு வார்த்த வையுங்க. எங்க எந்திரிச்சுட்டீக? சாவி எதுக்கு? குருவம்மா வீட்டுக்கா, இப்பவேவா? மதினி, மறுவீட்டுக்குப் பொண்ணு மாப்பிள்ளை வந்திருப்பாக. சொந்தக்காரவுக பூராவும் இருப்பாக. இன்னொரு நாள், நான் சென்னை போயிட்டு வந்து. இல்ல, நான் ஏமாத்தல. சரி. எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்னு நீங்க கேக்கறதும் சரிதான். அண்ணனும் தங்கச்சியும் சேந்தது சேந்ததுதான், அது இனி பிரியாது. அதையும் ஒத்துக்கிடுதேன். எம்புருசன் பேர எங்க வச்சுட்டு வந்தியோ அங்க போயி எடுத்துட்டு வான்னு சொல்றீக. சரி மதினி.

பூட்டிட்டீகளா? கொடைய எடுத்துக்கங்க, வெயிலு இன்னும் எறங்கல.

நீங்களும் வர்றது நல்லதாப் போச்சு. தனியாப் போகச் சொன்னா பஸ் ஏறி சென்னைக்கே போயிருப்பேன். அங்க போனா அவ கேப்பா மதினி. எல்லாரையும் வச்சுக்கிட்டு, அப்ப யாரு சார் சொன்னான்னு மறுபடியும் கேப்பா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க. நகந்துறாதீக. நீங்க இல்லன்னா நான் வேற யாரு பேரையாவது சொல்லிருவேன்.